வெளிநாட்டுல டீச்சர் வேலையா? ராஜினாமா லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி பிசிசி கணக்கைப் போடுங்க



போன வருஷம் என் ஆபீஸுக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். வயசு 28. திருச்சியில ஒரு தனியார் பள்ளியில மாசம் 32,000 ரூபாய் சம்பளம். துபாய்ல பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்தற ஒரு ஸ்கூல்ல மாசம் 7,000 திர்ஹாமுக்கு ஆஃபர் லெட்டர் வந்திருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரம் ஜாயினிங். மே மாசம் லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே ராஜினாமா கொடுத்துட்டார். ஜூன் 30 கடைசி வேலை நாள். "பேப்பர் வேலையெல்லாம் பதினஞ்சு நாள்ல முடிஞ்சிடும்"னு ஏஜென்ட் சொன்னதை அப்படியே நம்பிட்டார்.

அவர் விமானம் ஏறினது அக்டோபர் நடுவுல.

ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம ஓட்டணும்னு அவர் திட்டம் போட்டிருந்தார். நடந்தது மூணரை மாசம். கூடுதலா போன ஒன்றரை மாசத்துல அவர் இழந்த துபாய் சம்பளம் மட்டும் 10,500 திர்ஹாம். 1 திர்ஹாம் 23 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 2.4 லட்சம் ரூபாய். நடுவுல பர்சனல் லோன் இஎம்ஐ வேற ஓடிக்கிட்டே இருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் 500 ரூபாய் கட்டணத்துல கிடைக்கற ஒரு பேப்பர். போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், சுருக்கமா பிசிசி. அவர்கிட்ட பிசிசி இல்லாம இல்லை. ரொம்ப சீக்கிரமா வாங்கி வெச்சிருந்தார். அதுதான் பிரச்சனை.

எப்படின்னு பார்ப்போம்.

பிசிசி என்றால் என்ன, எது பிசிசி இல்லை?

உங்க மேல குற்ற வழக்கு எதுவும் இல்லைன்னு சொல்ற அரசு சான்றிதழ் இது. குழந்தைகளோட பழகற வேலைங்கறதால, பெரும்பாலான நாடுகள்ல டீச்சர் வேலைக்கு இதைக் கேட்பாங்க.

முதல் குழப்பம் இங்கயே ஆரம்பிக்குது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துல வேலைக்காக, வாடகை வீட்டுக்காக ஒரு போலீஸ் வெரிஃபிகேஷன் சான்றிதழ் வாங்கலாம். உள்ளூர் கம்பெனிகள் கேட்கறது அது. வெளிநாட்டு வேலைக்கு, விசாவுக்கு வழக்கமா கேட்கறது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கற பிசிசி. ரெண்டும் வேற வேற. பெயர் ஒரே மாதிரி இருக்குன்னு உள்ளூர் சான்றிதழை எடுத்துக்கிட்டுப் போய் நிக்காதீங்க.

பாஸ்போர்ட் அலுவலகப் பிசிசி வாங்கற வழி இது:

1. பாஸ்போர்ட் சேவா இணையதளத்துல லாகின் பண்ணி பிசிசிக்கு விண்ணப்பிக்கணும். எந்த நாட்டுக்குன்னு அதுல குறிப்பிடணும். கட்டணம் ரூ.500.
2. அப்பாயின்ட்மென்ட் எடுத்து பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போகணும். 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து தபால் அலுவலகங்கள்ல இருக்கற பாஸ்போர்ட் சேவா மையங்கள்லயும் இதுக்கு விண்ணப்பிக்கலாம். சின்ன ஊர்ல இருக்கறவங்களுக்கு இது பெரிய உதவி.
3. ஒரிஜினல் பாஸ்போர்ட், அதோட நகல், ஆஃபர் லெட்டர் அல்லது வேலை ஒப்பந்தம், முகவரி மாறியிருந்தா இப்போதைய முகவரிச் சான்று எடுத்துட்டுப் போங்க.
4. தேவைப்பட்டா போலீஸ் விசாரணை நடக்கும். அறிக்கை சாதகமா வந்ததும் பிசிசி கிடைக்கும்.

இது சில நாள்லயும் முடியலாம், சில வாரமும் ஆகலாம். பாஸ்போர்ட்ல ஊர் முகவரி, நீங்க குடியிருக்கறது வேற ஊர்னா இழுக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். நம்ம வாத்தியாருக்கு பாஸ்போர்ட் முகவரி தஞ்சாவூர், குடியிருந்தது திருச்சி.

இன்னொண்ணு, பிசிசி ஒரு நாட்டைக் குறிப்பிட்டு வாங்கறது. துபாய்க்குன்னு வாங்கினதை ஓமன் வேலைக்கு நீட்ட முடியாது. ஆஃபர் உறுதியாகாம "எதுக்கும் இருக்கட்டும்"னு வாங்கி வெக்கறதுல பிரயோஜனம் இல்லை.

வாங்கினா போதாது, மெய்ப்பிக்கணும்

துபாய்ல உட்கார்ந்திருக்கற அதிகாரிக்கு, நம்ம ஊர் பாஸ்போர்ட் அலுவலகக் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் எல்லாம். ரெண்டுமே சொல்றது ஒரே விஷயத்தைத்தான்: இந்தக் கையெழுத்தும் முத்திரையும் உண்மை. சான்றிதழ்ல எழுதியிருக்கற விஷயத்துக்கு இவங்க பொறுப்பு எடுத்துக்கறது இல்லை.

எந்த வழிங்கறதை, நீங்க போற நாடுதான் தீர்மானிக்கும்.

வழி 1: அப்போஸ்டில். 1961-ல் ஹேக் நகரத்துல நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இதுல இருக்கற ஒரு நாட்டோட ஆவணத்துல அந்த நாட்டு அரசு ஒரு அப்போஸ்டில் சான்று ஒட்டிட்டா, இன்னொரு உறுப்பு நாடு அதை அப்படியே ஏத்துக்கணும். எம்பசிக்கு அலைய வேண்டாம். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில இருக்கு. ஓமன், பஹ்ரைன், தென் கொரியா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் இந்த ஒப்பந்தத்துல இருக்கு. சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பர்லயும், கனடாவுக்கு 2024 ஜனவரியிலயும் நடைமுறைக்கு வந்தது.

வழி 2: எம்பசி அட்டெஸ்டேஷன். ஐக்கிய அரபு அமீரகம், குவைத் மாதிரி ஒப்பந்தத்துல சேராத நாடுகளுக்கு நீண்ட சங்கிலி. முதல்ல நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட அட்டெஸ்டேஷன். அப்புறம் இந்தியாவுல இருக்கற அந்த நாட்டு எம்பசி அல்லது தூதரகம். அமீரகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்க இருக்கற வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு கண்ணிக்கும் தனிக் கட்டணம், தனி நாட்கள்.

இங்க ஒரு பொறி இருக்கு. ஒரு நாடு ஒப்பந்தத்துல இருக்குங்கறதாலயே நம்ம அப்போஸ்டில் அங்க செல்லும்னு அர்த்தம் இல்லை. சீனாவுக்கு 2023 நவம்பர் 7 முதல் ஒப்பந்தம் நடைமுறையில இருக்கு. ஆனா சீனா சேர்ந்ததுக்கு இந்தியா ஆட்சேபம் சொன்னதால, இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அது செல்லாது. இந்தியா சேர்ந்தப்போ ஜெர்மனி ஆட்சேபம் சொன்னது, அங்கயும் அதே கதை. அதனால விண்ணப்பிக்கற அன்னைக்கு ஹேக் மாநாட்டு இணையதளத்துல நாடுகள் பட்டியலை ஒரு தடவை பாருங்க. பட்டியலும் வருஷா வருஷம் வளருது.

பிறந்த நாடுதான் சான்று சொல்லும்

ஐடி வேலையில அமெரிக்காவுல ரெண்டு வருஷம் இருந்துட்டு இப்போ டீச்சிங் பக்கம் போறவங்க கவனிங்க. நிறைய ஸ்கூல்கள் நீங்க வசித்த மத்த நாடுகளோட குற்றப் பின்னணிச் சான்றையும் கேட்பாங்க. அமெரிக்காவுக்கு அது எஃப்பிஐ கொடுக்கற சான்று. கட்டணம் 18 டாலர்.

அந்த எஃப்பிஐ பேப்பரை சென்னையில கொடுத்து அப்போஸ்டில் வாங்க முடியாது. ஒரு ஆவணம் எந்த நாட்டுல பிறந்ததோ அந்த நாட்டு அரசுதான் அதுக்குச் சான்று சொல்லணும். எஃப்பிஐ அமெரிக்க மத்திய அரசு அமைப்புங்கறதால, அதுக்கு அப்போஸ்டில் தர்றது அந்த நாட்டு வெளியுறவுத்துறை. ஒரு ஆவணத்துக்கு 20 டாலர். இந்தியாவுல இருந்துக்கிட்டு கூரியர்லதான் இதைப் பண்ணணும். அதுக்கான நாட்களையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

உண்மையான செலவு எவ்வளவு?

பிசிசிக்கு அரசுக் கட்டணம் ரூ.500. வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு ரூ.50. சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகம் கட்டணம் வாங்கறது இல்லை. அமைச்சகம் 2012-லிருந்து பொதுமக்கள்கிட்ட நேரடியா ஆவணம் வாங்கறது இல்லைங்கறதால, அமைச்சகம் அங்கீகரிச்ச ஏஜென்சி வழியா கொடுக்கணும். அவங்களுக்கு ஒரு சின்ன சேவைக் கட்டணம் உண்டு. 2019-லிருந்து சென்னை உட்பட பல ஊர்கள்ல அமைச்சகத்தோட அலுவலகங்களே இதைச் செய்யறதால, டெல்லிக்கு அனுப்பித்தான் ஆகணும்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

எம்பசி கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சங்கிலியில பெரிய செலவு பெரும்பாலும் அதுதான்.

நம்ம வாத்தியார்கிட்ட ஏஜென்ட் மூணு ஆவணத்துக்கு 38,000 ரூபாய் கேட்டார். ஏஜென்ட் கூடாதுன்னு நான் சொல்லலை. நேரம் இல்லாதவங்களுக்கு அது நியாயமான சேவை. ஆனா பில்லைப் பிரிச்சுக் கேளுங்க: அரசுக் கட்டணம் எவ்வளவு, எம்பசி எவ்வளவு, உங்க சார்ஜ் எவ்வளவு? பிரிச்சுச் சொல்லத் தயங்கறவர்கிட்ட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்காதீங்க.

வேலையே வாங்கிக் கொடுக்கற ரெக்ரூட்டிங் ஏஜென்ட்னா அது வேற. அவர் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். இமைக்ரேட் இணையதளத்துல அந்தப் பட்டியல் இருக்கு. உங்ககிட்ட வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் ரூ.30,000, அது மேல 18% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் ரூ.35,400. அதுக்கு ரசீதும் தரணும்.

வாத்தியார் எங்க சறுக்கினார்?

இப்போ அந்தக் கதைக்கு வருவோம். சுலபமா கிடைக்கறதுன்னு பிசிசியை மே முதல் வாரமே வாங்கிட்டார். டிகிரி சர்டிஃபிகேட்டை எடுக்கப் போனா, கையில இருந்தது ப்ரொவிஷனல் மட்டும். யுனிவர்சிட்டியில விண்ணப்பிச்சு ஒரிஜினல் வாங்கவே ஜூலை கடைசி ஆயிடுச்சு. அப்புறம் அது மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், எம்பசின்னு போய் வந்தப்போ ஆகஸ்ட் நடுவு.

எல்லாத்தையும் சேர்த்து அனுப்பினார். ஸ்கூல் ஹெச்ஆர்கிட்டருந்து ஒரு வரி பதில்: பிசிசி மூணு மாசத்துக்கு மேல பழசு, புதுசு அனுப்புங்க.

மறுபடி விண்ணப்பம், மறுபடி முகவரி விசாரணை, மறுபடி அமைச்சகம், மறுபடி எம்பசி. அக்டோபர்.

டிகிரி சர்டிஃபிகேட்டுக்கு வயசாகறது இல்லை. 2019-ல் வாங்கினது இன்னைக்கும் செல்லும், அட்டெஸ்டேஷனை முன்கூட்டியே முடிச்சு வெக்கலாம். பிசிசி பால் பாக்கெட் மாதிரி. வாங்கின தேதியிலிருந்தே நாள் ஓட ஆரம்பிச்சிடும். 3 மாசமா 6 மாசமாங்கறதை முடிவு பண்றது அதைக் கேட்கற ஸ்கூலும் அந்த நாடும்தான்.

அதனால வரிசை இதுதான்: தாமதமாகற பேப்பரை முதல்ல ஆரம்பிங்க, சீக்கிரம் காலாவதியாகற பேப்பரைக் கடைசியில வாங்குங்க. டிகிரி, பி.எட்., அனுபவச் சான்று எல்லாம் முடியற கட்டத்துக்கு வந்த பிறகு பிசிசிக்கு விண்ணப்பிங்க.

ஹெச்ஆருக்கு அனுப்ப வேண்டிய ஒரு மெயில்

ஆஃபர் வந்ததும் இந்த 6 கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல சொன்னது கணக்குல வராது.

1. பிசிசியை எந்த அமைப்பு கொடுத்திருக்கணும்?
2. வெறும் ஸ்கேன் போதுமா, அட்டெஸ்டேஷன் வேணுமா, அப்போஸ்டிலா?
3. எத்தனை மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்?
4. அந்த மாசக் கணக்கு எந்த நாள் வரைக்கும்? விசா விண்ணப்பிக்கற நாளா, வேலையில சேர்ற நாளா?
5. மொழிபெயர்ப்பு வேணுமா? வேணும்னா எங்க பண்ணது செல்லும்?
6. வசித்த மத்த நாடுகளோட சான்றும் வேணுமா? எத்தனை வருஷம் பின்னாடி வரைக்கும்?

நாலாவது கேள்வியை யாரும் கேட்கறது இல்லை. அதிகமா காலை வாரறது அதுதான்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல்: இனிஷியல்

டிகிரியில "எஸ். கார்த்திக்". பாஸ்போர்ட்ல "கார்த்திக் சுப்ரமணியன்". அனுபவச் சான்றுல "கார்த்திக் எஸ்". நமக்கு மூணும் ஒரே ஆள்னு பார்த்ததும் புரியும். அரேபியாவுல இருக்கற அதிகாரிக்குப் புரியாது. சங்கிலியை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாப் பேப்பரையும் ஒரு மேஜையில பரப்பி, எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா என்ன செய்யணும்னு அதே மெயில்ல ஹெச்ஆர்கிட்ட கேட்டுடுங்க. அனுபவச் சான்றை பாஸ்போர்ட்ல இருக்கற பெயர்லயே எழுதித் தரச் சொல்லி இப்போதைய பள்ளியில கேளுங்க. வேலையில இருக்கும்போது இது ஒரு நாள் வேலை, விட்டுட்டு வந்த பிறகு ஒரு மாச அலைச்சல்.

ஒரிஜினல்களை லேமினேட் பண்ணாதீங்க. ஸ்டிக்கரும் முத்திரையும் பேப்பர் மேல விழணும்.

உங்க மேல எஃப்ஐஆர், நிலுவையில வழக்கு ஏதாவது இருந்தா மறைக்காதீங்க. விண்ணப்பத்துல பொய்த் தகவல் கொடுக்கறது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். காலேஜ் நாள்ல நடந்த போராட்டத்துல போட்ட சின்ன வழக்கா இருந்தாலும் சரி, முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. "கொஞ்சம் செலவு பண்ணா கிளியர் பண்ணிடலாம்"னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க.

ஒரு ஆடிட்டரா நான் சேர்க்க வேண்டியது: செப்டம்பர் 28

பேப்பர் தாமதம் வருமான வரியையும் மாத்தும். வேலைக்காக வெளிநாடு கிளம்பற இந்தியக் குடிமகன், கிளம்பற அந்த நிதியாண்டுல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்தா, அந்த வருஷத்துக்கு ரெசிடென்ட். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். அதுக்குள்ள கிளம்பி, மார்ச் 31 வரை இந்தியா திரும்பாம இருந்தா நீங்க நான்-ரெசிடென்ட், அங்க வாங்கற சம்பளத்துக்கு இங்க வரி இல்லை. அதைத் தாண்டி கிளம்பினா, மார்ச் வரைக்கும் அங்க வாங்கற சம்பளமும் இந்திய வருமானத்தோட சேரும். அமீரகத்துல சம்பளத்துக்கு வரி கிடையாதுங்கறதால, கழிச்சுக்கறதுக்கு அங்க கட்டின வரியும் இருக்காது.

ஆகஸ்ட்ல கிளம்பியிருந்தா வாத்தியார் நான்-ரெசிடென்ட். அக்டோபர்ல கிளம்பினதால ரெசிடென்ட். அஞ்சரை மாச துபாய் சம்பளம் சுமார் 8.85 லட்சம், இங்க வாங்கின மூணு மாச சம்பளம் 96,000. மொத்தம் 9.8 லட்சம் சொச்சம். புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கறதால அவருக்கு வரி வரலை. ரிட்டர்ன்ல காட்டினா போதும்னு முடிஞ்சது. இதே 12,000 திர்ஹாம் சம்பளமா இருந்திருந்தா துபாய் வருமானம் மட்டுமே 15 லட்சத்தைத் தாண்டியிருக்கும், வரி கட்டித்தான் ஆகணும். ஆகஸ்ட், செப்டம்பர்ல சேர்ற வேலைன்னா இந்தத் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கோங்க.

ராஜினாமா எப்போ?

எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்கணும்னு சொன்னா அது நடைமுறைக்கு ஒத்து வராது. நோட்டீஸ் பீரியட் இருக்கே! என்னோட யோசனை இது:

- டிகிரி அட்டெஸ்டேஷன் முடிஞ்சிருக்கணும். இது வேலையில இருந்துக்கிட்டே செய்யக்கூடியது.
- 6 கேள்விக்கும் எழுத்துல பதில் வந்திருக்கணும்.
- பிசிசி விண்ணப்பம் போட்டு, போலீஸ் விசாரணை முடிஞ்சிருக்கணும்.
- இஎம்ஐ, வாடகை, வீட்டுச் செலவு சேர்த்து 4 மாசத்துக்கான பணம் சேவிங்ஸ்ல இருக்கணும். கிரெடிட் கார்டு லிமிட்டை இதுல சேர்க்காதீங்க.

இந்த நாலும் இருந்தா லெட்டரைக் கொடுங்க. மிச்சச் சங்கிலி நோட்டீஸ் பீரியட்லயே ஓடிடும்.

வாத்தியார் இப்போ துபாய்ல நல்லா இருக்கார். போன மாசம் பேசினப்போ, அவரோட ஃப்ரெண்டுக்கும் அதே ஸ்கூல்ல ஆஃபர் வந்திருக்குன்னு சொன்னார். "சார், அவன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். பிசிசியைக் கடைசியா எடுடான்னேன்."

நான் இவ்வளவு நீளமா சொன்னதை அவர் ஒரு வரியில முடிச்சுட்டார். உங்க ஃப்ரெண்ட் யாராவது ஆஃபர் லெட்டரோட நின்னா, அந்த ஒரு வரியையாவது சொல்லி வைங்க. அடுத்த வீடியோல வெளிநாடு கிளம்பறவங்க பேங்க் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா மாத்தற விஷயத்தைப் பார்ப்போம்.